எட்டா, பன்னிரண்டா

என்ன வேலை என்று யாராவது கேட்டால் வீடு கட்டுகிறேன் என்று சொல்லிவிடுவேன். பாதி உண்மை. இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கணினிக்குள் கட்டி, அதற்குள் ஒருவர் நடந்து போவதுபோல வீடியோ செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதற்காகச் செங்கல்பட்டிலிருந்து நாவலூருக்கு ஆறு வருடம் பஸ்ஸில் போய் வந்தேன். போக இரண்டு மணி நேரம், வர அதற்கு மேல். அப்புறம் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு காலம் வந்ததே, அதில் நானும் ஒட்டிக்கொண்டேன். மற்றவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் ஏதேதோ சொல்லி நாளை ஓட்டினேன்.

காரணம் என் மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மூன்றரைக்குப் பள்ளி வேன் தெருமுனையில் இறக்கிவிடும். மனைவிக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் அவளைக் கொண்டுவந்து விட ஆறு மணியாகும். இடையில் இருக்கிற இரண்டரை மணி நேரத்துக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

போன மழைக்காலத்தில் என் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு செத்துப்போனது. படம் வரைகிற உறுப்பு அதுதான். அது இல்லாமல் என் வேலை இல்லை. மேனேஜருக்குச் சொன்னேன். நல்ல மனிதர்தான், சின்ன வயது.

"உங்க மெஷின்ல இந்த புராஜெக்ட் முழுசா ரெண்டர் ஆகுதுன்னா வீட்லயே இருங்க சார். ஆகலைன்னா ஆபீஸ் வந்துடுங்க. வர்ற வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம்" என்றார்.

கடற்கரைச் சாலையை ஒட்டி வரப்போகும் ஒரு குடியிருப்பு. நூற்றுச் சொச்சம் வீடு, நீச்சல்குளம், நடைபாதை. அதை முழு வீடியோவாக என் கணினி வரைந்து முடிக்க வேண்டும், ரெண்டர் என்பது அதுதான். அதுவே எனக்கு வைத்த பரீட்சை.

இரண்டு கார்டுகள் என் கைக்கெட்டும் விலையில் இருந்தன. ஒன்று புதியது, கடையிலிருந்து பெட்டியோடு வந்தது. எட்டு ஜிபி நினைவகம். சமீபத்திய தலைமுறை, வேகம் அதிகம், மின்சாரம் குறைவாகக் குடிக்கும். இன்னொன்று அதற்கு முந்தைய தலைமுறை, பன்னிரண்டு ஜிபி, கைமாறி வருவது. அதை வைத்திருந்தவர் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். கடலைப் பார்த்த ஒரு அறையில் பையன்கள் விளையாட கேமிங் சென்டர் நடத்தினார். எல்லாரும் போனிலேயே விளையாட ஆரம்பித்துவிட்டதால் மூடிவிட்டு, அண்ணனோடு மீன் வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு பஸ் மாறிப் போய் அவரைப் பார்த்தேன். மீன் போடுகிற தெர்மகோல் பெட்டியிலிருந்து துணி சுற்றி வைத்திருந்த கார்டை எடுத்தார். திருகாணிகளில் உப்புப் பூத்துப் பழுப்பேறி இருந்தது. என் முகம் போன போக்கை அவரும் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்த இப்டி மொறைக்கிறே? ஸ்க்ரூதான் துரு. உள்ள நல்லா கீது. எடுத்துகினு போயி நாலு நாளு ஓட்டிப் பாரு. புடிச்சா டப்பு குடு, புடிக்கலையா திருப்பிக் குடு. பன்னெண்டு ஜிபி அண்ணாத்த, எம்மாம் பெரிய கேம் போட்டாலும் முழுங்கும்."

முன்பின் தெரியாத என்னை நம்பி, பெயரைக்கூட எழுதி வாங்காமல் கொடுத்தனுப்பினார்.

ஒரு முழுநீளத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் புதியது, அந்தப் பக்கம் பழையது. நினைவகம், வேகம், வாட், சூடு, மின்விசிறிச் சத்தம் என்று வரிசையாக எழுதிக்கொண்டேன். புராஜெக்டைத் திறந்து, வழக்கம்போல முதலில் மரங்களை மறைத்தேன். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் உள்ள பழக்கம் இது. மரங்கள் தெரிந்தால் திரை இழுத்து இழுத்து நகரும், ஆகவே வேலை செய்யும்போது அவற்றை அணைத்துவிட்டு, கடைசியில் வீடியோ எடுக்கும்போதுதான் போடுவோம். கை தானாக அங்கே போகும். அன்றைக்கும் போனது.

இரண்டு கார்டையும் மாற்றி மாற்றி மாட்டி, ஒரே காட்சியை நாள் முழுக்க ஓட்டினேன். வீடியோவில் வருகிற ஒரு படத்துக்குப் பழையது ஆறு நிமிடம் எடுத்தது, புதியது நாலரை. பழையது எண்பது டிகிரியைத் தொட்டு, மாவு மெஷின் மாதிரி இரைந்தது. புதியது சத்தமே இல்லை. தாளில் ஒரு வரி தவிர எல்லா வரியிலும் புதியதுக்கு டிக் விழுந்தது.

மனைவி வேலையிலிருந்து வந்து, தாளை எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, பன்னெண்டு பெருசா எட்டு பெருசா?"

"அப்படியெல்லாம் பாக்கக் கூடாது" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் விளக்கினேன். பாவம், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த கால்களோடு அத்தனையையும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பழையதைக் குப்பத்துக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். "உப்புக்கு பயந்துகினியா?" என்று சிரித்தார். இல்லை என்று தலையாட்டினேன். பயந்துதான் இருந்தேன்.

புதன்கிழமை காலை வீடுகள், குளம், விளக்குகள் எல்லாம் முடிந்தன. மரங்களைப் போட்டேன். நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி வந்து, மென்பொருள் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடியும் அதே வரி.

அந்த மனையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சீமைக்கருவேலத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் வீடியோவில் நானூறு மரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தென்னை, கொன்றை, வேம்பு, எதுவும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. அத்தனை இலைகளையும் கார்டு ஒரே நேரத்தில் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வேகமாகச் சமைக்கிறவளாக இருந்தாலும் மேடையில் பாத்திரம் வைக்க இடமில்லை என்றால் என்ன செய்வாள்? பதினைந்து வருடமாக இதே வேலை. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் என் மேலேயே அவ்வளவு எரிச்சல் வந்தது.

குப்பத்துக்காரருக்குப் போன் செய்தேன்.

"வித்துட்டேன் அண்ணாத்த. மதுராந்தகத்துலேந்து ஒரு ஸ்டூடியோக்காரரு வந்து வாங்கினு போய்ட்டாரு. நீதானே வேணான்னு குத்துட்டுப் போனே?" குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

தெரிந்த கடைகளில் எல்லாம் கேட்டேன். பன்னிரண்டு ஜிபி எங்கேயும் வெள்ளிக்கிழமைக்குள் வராது. வேறு வழியில்லாமல் இலைகளின் படங்களைப் பாதியாகச் சுருக்கி, பிறகு அதையும் பாதியாக்கி, ஒருவழியாக ஓட வைத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

"மரமெல்லாம் கலங்கலா இருக்கே சார். கிளையன்ட்டுக்கு இத எப்படிக் காட்டறது? இங்க இருக்கற மெஷின்ல நாங்க போட்டுக்கறோம். நீங்க திங்கட்கிழமைலேர்ந்து வந்துடுங்க."

"ஒரு மாசம் டைம் குடுங்க. வேற கார்டு போட்டுடறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். மேல கேக்கறாங்க."

சரி என்றேன். சண்டை போடத் தெம்பு இல்லை. சண்டை போட நியாயமும் இல்லை, பரீட்சையில் நான்தானே தோற்றேன்.

சனிக்கிழமை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வாசல் பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி வாங்கி வந்தேன். மகளை வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பூட்டித் திறக்கக் கற்றுக்கொடுத்தேன். பழைய பூட்டு, இறுக்கம். இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். நாலாவது தடவை திறந்தது. உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட வேண்டும், சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கும், அடுப்புப் பக்கம் போகக் கூடாது, அம்மா வரும்வரை யார் தட்டினாலும் திறக்கவே கூடாது. எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னேன். அவளும் விரல் விட்டு எண்ணித் திருப்பிச் சொன்னாள். எதற்கும் அழவில்லை. அழுவாள் என்று நினைத்து நான் என்னென்னவோ பேசத் தயாராக இருந்தேன்.

"எங்க, செஞ்சு காட்டு" என்றேன். திறந்தாள், உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சரியாகச் செய்துவிட்டாள் என்று கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"அப்பாதாம்மா. தொற."

பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: "அப்பா ஆபீஸ் போய்க்கீறாரு. அம்மா வந்தப்புறம் வாங்க."