யோகமலரின் ஞாயிற்றுக் கூரை

கனடாவின் ஸ்காபரோவில் எங்காவது கூரையில் சுத்தியல் சத்தம் கேட்டால் யோகமலர் நடையை நிறுத்திவிடுவாள். ஆணியடிக்கும் இயந்திரமான நெயில் கன் சடசடத்தால் திரும்பியும் பார்ப்பதில்லை. கையால் அடிக்கும் சத்தமென்றால் மட்டும் முகம் மலரும். ஐந்து வருஷத்துக்கு முந்திய தொண்ணூற்று நான்காம் ஆண்டு நினைவுக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் அவளும் அன்புராசாவும் புருஷன் பெண்சாதியா, ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பேரா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். பகலில் அவனுக்குக் கூரை போடும் கொம்பனியில் வேலை, பின்னேரம் பொன்னம்பலத்தாரின் சாப்பாட்டுக் கடையில் சமையல். அவளுக்கு பிஸ்கட் பக்டரியில் இரவு ஷிஃப்ட். அவன் உள்ளே வர, அவள் வெளியே போவாள். "சோறு மேசையிலை கிடக்கு" என்பாள். "ஓம்" என்பான். அன்றைய குடும்பம் அவ்வளவுதான். ஞாயிறென்றாலும் அவனுக்குக் கடை.

அப்போதுதான் வாங்கிய பழைய வீடு ஒழுகத் தொடங்கியது. ஊரார் கூரையெல்லாம் போடுகிறவன் தன் வீட்டுக்கு ஆள் பிடிப்பானா? "கூரை முடியுமட்டும் ஞாயிறிலை வரேலாது அண்ணை" என்று பொன்னம்பலத்தாரிடம் சொல்லிவிட்டான். அவருக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் மறுக்க வழியில்லை.

நெயில் கன் கொம்பனியுடையது. சொந்த வீட்டுக்குச் சுத்தியல்தான். முதல் ஞாயிறு தேத்தண்ணி கொடுக்க ஏறிய யோகமலர் இறங்கவில்லை. கீழ் விளிம்பிலிருந்து முகட்டை நோக்கி, ஷிங்கிள்ஸ் என்ற தார்த் தகடுகளை வரிசை வரிசையாக வைத்து, ஒன்றுக்கு நாலு ஆணி. அடுத்த வரிசை அந்த ஆணித் தலைகளை மூடிக்கொண்டு போகும். கூரைக்காரர் ஆணியை வாயில் கவ்வி வைத்திருப்பார்கள். இவளோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வாய்க்கு வேறு வேலை இருந்தது.

எத்தனை வருஷத்துக் கதை! ஆசை ஆசையாக ஆறு வருஷம் அவள் சமைத்த கத்தரிக்காய்க் குழம்பு அவனுக்கு அறவே பிடிக்காதாம். கூரை வேலைக்குப் போன முதல் கிழமை முகட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவனாம். அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அவள் ஒரு வரிசை முழுவதும் ஆணியை மேலே தள்ளி அடித்துவிட்டாள். அப்படியே விட்டால் முதல் காற்றுக்கே தகடு கிளம்பிவிடும். இருவருமாகக் கழற்றித் திரும்ப அடித்தார்கள். அவனுக்குக் கோபமே வரவில்லை. பொழுது சாய, வேலை முடியாத இடத்தை மழைக்குப் படங்குச் சீலையால் இழுத்து மூடிவிட்டு இறங்கும்போது அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கும் அவளுக்கு. கலியாணம் கட்டியதே அந்த மாதம்தான் என்று அவளுக்குப் பட்டது.

ஞாயிறில் சமையலுக்கு ஆளில்லாமல் பொன்னம்பலத்தாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு விடியவே பேனாட், யோசப் என்று தெரிந்த பெடியள் ஏழெட்டுப் பேரைச் சுத்தியலோடு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எங்கடை பெடியன்ரை வீடு படங்கோடை கிடக்கலாமோ? பனி வரமுன்னம் முடிச்சுவிடுவம்!"

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். உதவிக்கு வந்தவர்களைப் போகச் சொல்ல முடியுமா? ஊர் கூடித் தேர் இழுத்தது போல ஆளுக்கொரு பக்கம் ஏறினார்கள். யோகமலரின் சுத்தியலை யோசப் வாங்கிக்கொண்டான். "நீங்கள் சமையலைப் பாருங்கோ அக்கா!"

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே எல்லாச் சுத்தியலும் சேர்ந்து அவளுடைய ஞாயிறுகளை அடித்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் எடுக்க வந்த அன்புராசா அவள் முகத்தைப் பார்த்தான்.

"வெங்காயமோ?"

"வெங்காயமில்லை. கூரை முடிஞ்சா நீங்கள் திரும்பக் கடைக்குப் போயிடுவியள். பிறகு நான் ஆரோடை கதைக்கிறது?"

அவன் தண்ணீரைக் குடிக்காமலே மேலே போனான்.

பொழுது படமுன் முகடும் மூடியாயிற்று. எல்லோரும் முற்றத்தில் நின்று சாப்பிட்டார்கள். பொன்னம்பலத்தார் கோழிக்காலைக் கடித்தபடி கேட்டார்.

"அப்ப தம்பி, வாற ஞாயிறு கடைக்கு வாறீர்தானே?"

அன்புராசா ஒருமுறை யோகமலரைப் பார்த்தான்.

"இல்லை அண்ணை. கூரை இன்னும் முடியேல்லை."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு ஆணிக்குக்கூட மிச்சமில்லாத கூரை.

பிறகு வந்த ஞாயிறுகளில் இருவரும் குசினியில் இருந்து கதைத்தார்கள். ஏணியை மட்டும் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள், பொன்னம்பலத்தார் அந்தப் பக்கம் வந்தால் பார்க்கட்டுமென்று.