எக்ஸ்ரேயில் தெரியாத துண்டு

மைசூரில் எங்களுடன் இருக்கும் அப்பா, விரிசல் விட்ட தன் கீழ்ப் பல்செட்டைப் பசை போட்டுத் தானே ஒட்டிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் முறுக்கு மாதிரிக் கடினமான கோடுபளேயைக் கடித்தபோது அது உடைந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தேன். நடுவில் நகம் அளவு துண்டைக் காணவில்லை.

"இங்க நிக்குதுடா" என்று அப்பா தொண்டையைத் தொட்டார்.

மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. அப்பா விரல் வைத்த இடத்தில் வெறும் இருட்டு.

"ஏனும் இல்ல, ஒண்ணும் இல்ல தாத்தா, வீட்டுக்குப் போங்க" என்றார் டாக்டர்.

"அப்போ உள்ள உட்காந்திருக்கறது பேயா ஸ்வாமி?"

நான் உடைந்த செட்டை நீட்டி, இதையும் எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுத்தார்கள். படத்தில் பல்லும் இல்லை, ஈறும் இல்லை. புகை போல ஒரு நிழல் மட்டும் இருந்தது. செட்டே தெரியாதபோது துண்டு மட்டும் எப்படித் தெரியும் என்று டாக்டர் அப்பாவை மறுபடி உட்காரவைத்தார். பிறகு தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இளஞ்சிவப்புத் துண்டு ஒன்று வந்தது.

புதிய செட்டுக்குள் கண்ணாடி இழை வலை பதித்திருக்கிறார்கள். எளிதில் உடையாது, உடைந்தாலும் துண்டுகளை இழை பிடித்துக்கொள்ளும் என்கிறார் பல் டாக்டர். ஆனாலும் தினமும் அதைக் கழுவி வெளிச்சத்தில் பார்க்கிறேன். விரிசல் கோடு தெரிந்தால், அப்பா எவ்வளவு திட்டினாலும், செட் நேராகப் பல் டாக்டரிடம் போகும். அப்பாவுக்கு அன்று ராகிக் கஞ்சிதான்.