கன்னத்தில் பதினேழு படை

1. இரைப்பைக்குள் கன்னம்

118ஆம் ஸ்லைட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தது சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். நோயைச் சொல்வது பதோலஜிஸ்ட் டொக்டரின் வேலை. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த இழையத்தை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கொடுப்பது என் வேலை. அதைக் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லாப்பில் முப்பத்தொரு வருடம் செய்தேன். அன்றைக்கு நீலமும் சிவப்பும் நன்றாகவே ஏறியிருந்தன. ஆனால் லேபிளில் 'இரைப்பை' என்று இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது இரைப்பை இல்லை.

லாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பாடமாகப் படித்திருப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குத் திரும்பச் சொல்லாமல் இருக்க முடியாது. உடம்பின் வெளிப்புறத்தையும் உள்ளே இருக்கும் குழாய்களையும் பைகளையும் போர்த்தியிருப்பது மேலணி இழையம். ஒவ்வொரு இடத்திலும் வேலைக்கு ஏற்ற கலம், அதாவது செல். நுரையீரல் சிற்றறையில் காற்று கடந்துபோக வேண்டும். அங்கே தட்டையான செதிற்கலம், ஒரே படை, ஒரே அடுக்கு. சிறுநீரகக் குழாயில் உறிஞ்ச வேண்டும். அங்கே கனவடிவக் கலம். சுவாசக் குழாயில் தூசியைத் தள்ளப் பிசிர் வைத்த கம்பக் கலம். சிறுநீர்ப்பையில் பை நிறைய நிறைய விரிந்து கொடுக்கும் நிலைமாறும் மேலணி. இரைப்பையில் சளி சுரந்து அமிலத்திலிருந்து சுவரைக் காக்க வேண்டும். அங்கே உயரமான கம்பக் கலம், அதுவும் ஒரே படை. கன்னத்தின் உட்புறமோ பல்லும் சோறும் உரசும் இடம். அங்கே செதிற்கலம் படை படையாக இருக்கும். மேலே உதிர உதிரக் கீழிருந்து புதியது வரும்.

118இல் பதினேழு படை எண்ணினேன். அவை ஒழுங்காகவும் இல்லை. கீழே இருக்கவேண்டிய கருநீலக் கலங்கள் மேல் விளிம்பு வரைக்கும் தாறுமாறாக ஏறியிருந்தன. 'கன்னம்' என்று லேபிள் போட்ட 119ஐ வைத்தேன். வேலிக் கம்பு நட்டதுபோல ஒரே வரிசைக் கம்பக் கலம். கெடுதி ஒன்றும் தெரியவில்லை.

துண்டுகள் வந்த இரண்டு போத்தலிலும் பெயர் எம். ஐ. ஆதம்பாவா. பெயர் ஒன்று, ஆள் வேறு.

ஒருவர் வெற்றிலை போட்டுக் கன்னத்தில் வெள்ளைத் தடிப்பு வந்த மீன்பிடிகாரர். மற்றவர் வயிற்றெரிவுக்குக் கமரா விட்டுப் பார்த்த நெசவுக்காரர். ரிப்போர்ட் இப்படியே போனால், கன்னத்தில் ஆபத்தை வைத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லப்படும்.

2. அரை நிமிட வேலை

இரண்டு லேபிளையும் உரித்து மாற்றி ஒட்டினால் போதும். அரை நிமிடம், ஒருவருக்கும் தெரியாது. 118இன் லேபிளை உரித்தும் விட்டேன். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அதைப் பார்த்தபோது ஒரு கேள்வி வந்தது. எப்படி மாறியது என்றே தெரியாமல், இந்த இரண்டும் தங்களுக்குள்தான் மாறின என்று எப்படிச் சொல்வது? திரும்ப ஒட்டிவிட்டு, டொக்டரின் அறைக்கு அறுபத்திரண்டு அடி நடந்தேன். எண்ணித்தான் நடந்தேன். எனக்கு அது பழக்கம்.

டொக்டர் காரைதீவுப் பெண். என் மகள் வயது இருக்கும். இரண்டு ஸ்லைட்டையும் பார்த்தார்.

"மிஸ்டர் சரீப், இரைப்பைக்குள்ள கன்னம் எப்ப முளைச்சது?"

"மாறிப் போச்சு டொக்டர். என்ட பிழை. எது யார்ட எண்டு கலமே சொல்லுதுதானே, லேபிள மாத்திரலாமா?"

"கலத்த மட்டும் நம்பாதீங்க. சிகரட் குடிக்கிற ஆள்ட சுவாசக் குழாயில கம்பக் கலம் செதிலாகும். அமிலம் மேல வந்து வந்து, சாப்பாடு இறங்குற களத்தில செதில் கம்பமாகும். கமரா விடக்குள்ள களத்து அடியில இருந்து ஒரு துண்டு வந்திருந்தா, செதிலும் வரும்." சிரித்தார். "கலமும் விலாசம் மாத்தும், மிஸ்டர் சரீப். கலியாணம் முடிச்ச நம்மட ஊர் ஆம்புளைகள் மாதிரி."

நான் இரண்டு படிவத்தையும் இரண்டு போத்தலையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். விடை அதில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போவான். அடையாள அட்டையிலோ பலருக்குப் பிறந்த உம்மா வீட்டு விலாசமே கிடக்கும். மீன்பிடிகாரர் மருதமுனையில் பிறந்து சாய்ந்தமருதில் முடித்தவர். நெசவுக்காரர் சாய்ந்தமருதில் பிறந்து மருதமுனையில் முடித்தவர். படிவத்தைக் கிளார்க் அடையாள அட்டையைப் பார்த்து நிரப்பியிருந்தார். போத்தலில் நேர்ஸ், "எந்த ஊர்?" என்று கேட்டு எழுதியிருந்தார்; உறுப்பின் பெயர் படிவத்தில் மட்டும்தான். நான் படிவத்து ஊரைப் பார்த்துப் போத்தல் ஊரோடு சேர்த்தேன். குறுக்காகச் சேர்ந்துவிட்டது. வயதைப் பார்க்கவில்லை. அதைவிட வெட்கம், துண்டுகளை எண்ணிப் பதிந்திருந்தேன்: ஒரு போத்தலில் ஒன்று, மற்றதில் நாலு. கமரா விட்டால்தான் நாலைந்து சின்னத் துண்டு வரும்; கன்னத்தில் ஏன் நாலு துண்டு வெட்டினார்கள் என்று என்னையே நான் கேட்கவில்லை.

"விளக்கம் சரி," என்றார் டொக்டர். "ஆனா ஒரு மனிசன்ட வாயை விளக்கத்த வச்சு வெட்ட ஏலாது. கன்னத்தில திரும்ப ஒரு துண்டு எடுக்கணும். ஆளப் புடிங்க."

3. இரண்டு வீடு

படிவத்திலிருந்த மீன்பிடிகாரரின் போன் நம்பருக்கு மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் அணைத்திருந்தது. சாய்ந்தமருதில் எந்தத் தெரு என்று தெரியாததால், படிவத்திலிருந்த விலாசத்தைத் தேடிச் சைக்கிளில் மருதமுனைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவருடைய ராத்தா, மூத்த சகோதரி.

"தம்பி இஞ்ச எங்க, சேர், இரிக்கான்? அவன் முடிச்சுப் போய் இருவத்திரெண்டு வருசம். சாய்ந்தமருதுக்குப் போங்க. கெதியாப் போங்க, நாளைக்கு ஆழ்கடல் போட்ல ஏறுறான். ஒரு மாசம் ஆகும் வர."

சாய்ந்தமருதில் அவர் வாசலில் நின்று உடுப்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் பிழை என்பதையும் சொன்னேன்.

"திரும்ப வெட்டணுமா?" கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டார். "முந்தி வெட்டின காயமே இப்பதான் ஆறிச்சு. கடலுக்குப் போய் வந்து பாப்பமே காக்கா," என்று என்னை அண்ணனாக்கினார்.

"வேணாம் தம்பி."

"ஏன், அதில என்ன கண்டீங்க?"

"அதைச் சொல்றது டொக்டர்ட வேலை. நான் படையத்தான் எண்ணினன். பதினேழு."

"பதினேழு நல்லமா கூடாதா?"

நான் மூட்டையின் மேல் கையை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே அவருடைய மனைவி யாருக்கோ போனில், "இவர் போட்டுக்கு வரல்ல, வேற ஆளப் பாருங்க" என்று சொல்வது கேட்டது. அவர் மூட்டையை அவிழ்த்தார்.

4. பிறகு

இரண்டாவது துண்டும் அதையே காட்டியது. புற்றுதான். ஆனால் மேலணிக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அடித்தள மென்சவ்வு. கெட்ட கலங்கள் அதை இன்னும் தாண்டவில்லை. கடலில் அந்த மாதம் கழிந்திருந்தால் தாண்டியிருக்குமா என்று கேட்டேன். "தெரியாது" என்றார் டொக்டர். அதை நினைத்து எத்தனை இரவு தூங்கவில்லை என்று மட்டும் நான் எண்ணவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். நெசவுக்காரருக்கும் கமராவைத் திரும்ப விட்டுப் பார்த்தார்கள். வெறும் அழற்சி, குளிசை மருந்தோடு தீர்ந்தது.

ஓய்வு பெறும்வரை நான் ஒவ்வொரு படிவத்தையும் வார்டுக்குக் கொண்டுபோய், உம்மா வீடு எது, பெண் வீடு எது என்று கேட்டேன். நேர்ஸ்மார் எனக்குக் கலியாணப் புரோக்கர் என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். நீங்களும் கேளுங்கள். எண்ணியது எதனோடு பொருந்துகிறது என்று பார்க்காவிட்டால், எண்ணியும் பிரயோசனமில்லை.

மீன்பிடிகாரரை இப்போதும் சந்தையில் காண்கிறேன். வெற்றிலையை விட்டுவிட்டார். என்னைக் கண்டால் விரலைக் கொளுவிக் கன்னத்தை இழுத்துக் காட்டுவார்.

"எத்தின படை காக்கா? எண்ணிச் சொல்லுங்க."

"வெறுங்கண்ணுக்குத் தெரியாது தம்பி."

"அப்ப ஒருக்கா கேளுங்களன், எந்த ஊடு எண்டு," என்பார்.

நான் கேட்பேன். இரண்டு வீட்டையும் சொல்லிவிட்டுத்தான் மீன் கூடையைத் தூக்குவார்.