சுவிட்ச் போர்டில் என் ஊர்

மங்காஃபில் அந்த அறை எனக்குக் கிடைத்ததே நான் தெலுங்கு பேசியதால்தான். குவைத்துக்கு வந்த புதிதில், கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்த இருவர், ரூமுக்கு மூன்றாவதாக நம் ஆள் ஒருவன் கிடைத்தால் தேவலை என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நான் சட்டென்று திரும்பி, "நான் வரேன் அண்ணா" என்று தெலுங்கிலேயே சொன்னேன்.

"எந்த ஊர்ரா நீ?"

"கோவில்பட்டி."

"அது எந்த ஜில்லாலடா இருக்கு?"

தமிழ்நாடு என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெலுங்கு பேசுகிற பையனுக்கு அதைப் படிக்க ஓரெழுத்து தெரியாது என்று அறிந்தபோது அந்தப் பார்வை சிரிப்பானது. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒருவர் கரீம்நகர்க்காரர், சேஃப்டி சூப்பர்வைசர். இன்னொருவர் குண்டூர்க்காரர், டிராயிங் போடுகிறவர். இருவரும் ஆறேழு வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். எனக்கு இருவருமே அண்ணன்தான். அவர்கள் பேசியதெல்லாம் தெலுங்கில். இப்போது நினைத்துப் பார்த்தால் தமிழில்தான் கேட்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் தெலுங்கு என்பது சமைக்கவும் திட்டவும் ஆன பாஷை. வாசலைத் தாண்டினால் தமிழ். அந்தப் பாஷைக்கு ஒரு மாநிலமே இருக்கிறது என்பது எனக்கு மங்காஃபில்தான் உறைத்தது. உறைத்ததும் சும்மா இருக்க முடியவில்லை. இன்டர்நெட்டில் ஜில்லா ஜில்லாவாகப் படித்தேன். எந்தத் தொகுதியில் யார், எந்த அணையில் எவ்வளவு தண்ணீர், எல்லாம் நாக்கு நுனியில். ஆபீஸில் நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர். சைட்டுக்குப் போகிற ஒவ்வொரு டிராயிங்கும் என் கை வழியாகத்தான் போகும். புது ரிவிஷன் வந்தால் பழையதைத் திரும்ப வாங்கி, செல்லாது என்று முத்திரை குத்த வேண்டும். அந்த ஆபீஸ் பிரிண்டரில் ஆந்திராவின் வரைபடத்தைப் பெரிதாக எடுத்து, அறைச் சுவரில் ஒட்டினேன்.

"நம்ம மாநிலம்!" என்றேன்.

"உன் ஊர் எங்கடா இதுல?" என்றார் குண்டூர் அண்ணன். தாளின் கீழ் ஓரத்தில் சென்னையே பாதிதான் தெரிந்தது. அவர் ஸ்கேலை எடுத்து, சுவரில் இறக்கி அளந்து, கீழே இருந்த சுவிட்ச் போர்டைத் தொட்டார். "இந்தா, இங்க வருது. ஃபேன் சுவிட்ச்தான் கோவில்பட்டி."

அன்று மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு யார் ஃபேன் போடச் சொன்னாலும், "கோவில்பட்டியைத் தட்டு" என்பதுதான்.

இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில் தெலங்கானா பேச்சு டிவியில் கொதிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தால், வரைபடத்தில் தெலங்கானாவைத் தனியாகப் பிரித்து சிவப்பு மார்க்கரில் ஒரு கோடு. கரீம்நகர் அண்ணன் மார்க்கரை மூடிக்கொண்டே, "ரிவிஷன் ஒன்" என்றார். மறுநாள் கோட்டுக்குப் பக்கத்தில் குண்டூர் அண்ணனின் அழகான கையெழுத்தில், 'நிராகரிக்கப்பட்டது. திருத்தி மீண்டும் அனுப்பவும்.' டிராயிங்கைத் திருப்பி அனுப்பும்போது எங்கள் கன்சல்டன்ட் எழுதுகிற அதே வாசகம், அதே இங்கிலீஷில்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். நான் இருவர் பேச்சையும் கேட்டேன். கரீம்நகர் அண்ணன் தண்ணீரைப் பற்றியும் வேலைகளைப் பற்றியும் சொன்னால், அதுதானே நியாயம் என்று தோன்றும். குண்டூர் அண்ணன் ஹைதராபாத்தைப் பற்றிச் சொன்னால், அதுவும் நியாயம்தானே என்று தோன்றும். இவர் சொன்னதை அவரிடமும், அவர் சொன்னதை இவரிடமும் சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் கரீம்நகர் அண்ணன் என்னைக் கேட்டார். "தம்முடு, நீதானே கன்ட்ரோலர். சொல்லு. எந்த டிராயிங் செல்லும்?"

"ரெண்டும் பெண்டிங் அண்ணா" என்றேன். குண்டூர் அண்ணன் குபீரென்று சிரித்துவிட்டார்.

கரீம்நகர் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உனக்கென்னடா, உன் ஊர் சுவிட்ச் போர்டுல இருக்கு. போட்டா சுத்தும், அணைச்சா நிக்கும். எனக்கு அப்படியா?"

அன்றிலிருந்து தனியாகச் சமைத்தார். ஒரே அடுப்புதான், ஆனால் அவர் முடித்த பிறகு நாங்கள். உகாதி முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை, பக்கத்திலிருக்கும் ஃபஹாஹீலில் தன் ஜில்லாக்காரர்கள் இருக்கும் ரூமுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அவர் போய்விட்டால் அந்த ரூம் அந்த ரூமாக இருக்காது. ஊரை விட்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே தெலுங்கு வீடு அது.

உகாதிப் பச்சடியை நானே செய்து, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஃபஹாஹீலில் காயல்பட்டினத்துக்காரர் கடையில் காய்ந்த வேப்பம்பூ கிடைத்தது. "தம்பி, இது தமிழ் வருஷப் பொறப்புக்குல்ல வாங்குவாங்க? அதுக்கு இன்னும் நாள் கெடக்கே" என்றார் கடைக்காரர். உகாதிக்கு என்றேன். "அப்ப நீங்க தமிழா தெலுங்கா?" என்றார். "ரெண்டும்தான் பாய்." பையைக் கட்டிக்கொண்டே அவர், "ஒண்ணு மட்டும் இருக்குற எனக்கே இங்க மூச்சு முட்டுது" என்றார்.

உகாதியன்று டூட்டி பஸ்ஸுக்கு முன்னால் எழுந்து, அம்மா செய்கிறபடியே செய்தேன். மாங்காயை வேகவைத்து, வெல்லம் கரைத்து ஊற்றி, நெய்யில் பூவை வறுத்துக் கொட்டி, கடுகு தாளித்தேன். வாசனையே அருமை. இருவரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கிண்ணம் நீட்டினேன். பண்டிகை நாளில் நீட்டியதை மறுக்க முடியாது. இருவரும் வாயில் வைத்தார்கள்.

குண்டூர் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, பல வாரங்களுக்குப் பின் முதல்முறையாக, கரீம்நகர் அண்ணனைப் பார்த்தார்.

"வேகவெச்சிருக்கான்."

"தாளிச்சு வேற இருக்கான்" என்றார் கரீம்நகர் அண்ணன். "ஏந்திரா இது? உகாதிப் பச்சடியை எவனாவது அடுப்புல வைப்பானா?"

"கசப்பே இல்லையேடா. வருஷம் பூரா எங்களுக்கு வெல்லப்பாகுதானா?"

"மதராஸி கையில குடுத்தா சாம்பார்தான் வரும்."

இருவரும் கிச்சனுக்குள் போனார்கள். மிச்சமிருந்த பூவை வறுக்காமல் அப்படியே கசக்கிப் போட்டார்கள். பச்சை மாங்காய், புதுப்புளி, உப்பு, மிளகாய். அப்புறம் சண்டை. குண்டூர் அண்ணனுக்கு வாழைப்பழம் போட்டுக் கெட்டியாக வேண்டும். கரீம்நகர் அண்ணனுக்கு டம்ளரில் குடிக்கிற மாதிரி தண்ணியாக வேண்டும். "குடிக்கிறதுக்குப் பேரு பச்சடியா?" "அள்ளித் திங்க அது என்ன ஊறுகாயா?" கடைசியில் ஒரே மாங்காயில் இரண்டு பச்சடிகள். என்னுடையது மூன்றாவதாக, யாரும் தொடாமல், மேடையில் ஆறிக்கொண்டிருந்தது.

அவர்கள் பேசிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் காலையில் கண்விழித்தபோது அந்த அறையில் மூன்று பேர் மூன்று பக்கம். இப்போது அவர்கள் இருவரும் ஒரு பக்கம், மதராஸி ஒரு பக்கம். நான் நினைத்தது நடந்ததா, நடக்கவில்லையா?

பஸ்ஸிலிருந்து அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "நம்ம வீட்ல வேகவெச்சுதான் செய்வோம். அதெல்லாம் யாரு கண்டா? நல்லா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்றாள்.

வெள்ளிக்கிழமை கரீம்நகர் அண்ணன் பெட்டியைக் கட்டினார். "போறீங்களா அண்ணா?" என்றேன். பச்சடிக்குப் பிறகு போகமாட்டார் என்று நம்பியிருந்தேன்.

"போகாம? அங்க நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்டா." சுவரிலிருந்து வரைபடத்தைப் பெயர்த்துச் சுருட்டிக்கொண்டார். "கோடு என்னோடது. நான் எடுத்துக்கறேன்."

"எழுத்து என்னோடது" என்றார் குண்டூர் அண்ணன், கட்டிலில் இருந்தபடியே.

"அதையும் எடுத்துட்டுப் போறேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட வருவேன். குழம்பை இவன்கிட்ட விட்டுடாத."

குண்டூர் அண்ணன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, டாக்ஸி வரை இறங்கிப் போனார்.

மறுநாள் ஆபீஸில் குண்டூர் அண்ணனுக்காகக் கோடு இல்லாத வரைபடம் ஒன்று எடுத்தேன். எனக்கும் ஒன்று எடுக்கலாம் என்று பட்டனுக்குக் கை போனது. எந்த மாநிலத்தை எடுப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவருடையதை அதே இடத்தில் ஒட்டிவிட்டு, வியர்த்துப்போய், கோவில்பட்டியைத் தட்டினேன்.