ஒரு மதகுக்கு இரண்டு தலைவர்கள்

நேற்று டிவியில் ஆறு பேர் 'அரசியல் சாசன நெருக்கடி' என்று கத்திக்கொண்டிருந்தார்கள், அதில் நான்கு பேர் ஒரே நேரத்தில். ஒரகடத்தில் முதல் ஷிஃப்ட் முடித்து வந்த பேரன், "இன்னா தாத்தா அது? மிலிட்டரி வந்துருமா?" என்று கேட்டான். யாருமே வரமாட்டார்கள் என்றேன். அவனுக்கு அது சாதாரணமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. ஒன்பது வயதில், சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையில், நான் அதை நேரில் பார்த்தவன்.

அப்பா ஊருக்கு நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பதும் மூடுவதும், வயல் வயலாகத் தண்ணீரைப் பங்கிடுவதும் அவர் வேலை. அறுவடையில் ஒவ்வொரு களத்திலும் அவருக்கு நெல் அளப்பார்கள். வீட்டில் ஐந்து வயிறும் அதில்தான் நிரம்பின. மதகுக் கதவைத் தூக்கும் இரும்புச் சாவி, என் கை நீளம் இருக்கும், எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஆனால் அவராக அதை எடுத்துவிட முடியாது. பஞ்சாயத்துத் தலைவர் கரையில் உள்ள அம்மன் முன்னால் தேங்காய் உடைத்து, 'தொற' என்று வாயால் சொல்ல வேண்டும். அது ஊர் வழக்கம்.

அந்த வருடம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. ஏரி தளும்பிக்கொண்டிருக்க, பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடிக்கத் தொடங்கியது. அப்போது பார்த்து, பஞ்சாயத்தின் ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் கை தூக்கித் தலைவரை இறக்கி, வேறொருவரைத் தலைவராக்கினார்கள். 'கூட்டம் முடிந்தது என்று நான் எழுந்து வந்த பிறகு தூக்கிய கை செல்லாது' என்றார் பழையவர். தாலுகா ஆபீசில் போய்க் கேட்டார்கள். மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களிடம் இருந்ததோ இரண்டு தலைவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் கரைக்கு வந்தார்கள். இருவரும் தேங்காய் உடைத்தார்கள். இருவரும் 'தொற' என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஒருவர் சொன்னாலே போதும், இரண்டு பேர் சொல்லியாகிவிட்டதே! அப்பா சாவியோடு எழுந்தார்.

"யோவ், யார் பேச்சக் கேட்டுத் தொறக்குற? அத்த மொதல்ல சொல்லு" என்றார் பழையவர். "அவன் பேச்சுக்குத் தொறந்தீன்னா, நாளைலேர்ந்து நீ நீர்க்கட்டி கெடயாது."

"எம்பேரச் சொல்லித் தொற. அவர் பேரச் சொன்ன, ஒன் வேல போச்சு" என்றார் புதியவர்.

"நாலு மூடி தேங்கா கீது, சட்னி அரச்சிடலாம். தண்ணி எப்பய்யா வரும்?" என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை. கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சண்டை வரும், தடி வரும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மேலே அவ்வளவு தண்ணீர், கீழே அவ்வளவு பயிர், நடுவில் ஒரு கதவு. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. பெரியவர்களால் இப்படியும் சும்மா நிற்க முடியும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

கடைசியில் அம்மாவின் தம்பி முன்னால் வந்தார். அவருடைய கழனி, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருந்தது. "மாமா, பயிர் கருகிக்கினு கீது. சாவிய இப்டிக் குடு. நான் தொறந்துக்கறேன்."

"நீ யார்றா? மூணாவது தலைவரா?" என்றார் அப்பா.

என் மாமா குனிந்து சாவியைப் பிடித்தார். அதைப் பார்த்ததும் இரு பக்கத்து ஆட்களும் அப்பாவை நோக்கி நகர்ந்தார்கள். அப்பா வெடுக்கென்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். இரண்டு தலைவர்களையும் ஒருமுறை பார்த்தார். கையை ஓங்கிச் சுழற்றி, சாவியை ஏரிக்குள் வீசிவிட்டார்.

"ஐயோ, இந்த மனுசனுக்குப் பைத்தியம் புட்ச்சிச்சே!" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

முதலில் குதித்தவன் பழைய தலைவரின் மகன். அடுத்தது புதியவரின் மைத்துனர். பிறகு யார் யாரோ. இருபத்து மூன்று தலைகளை எண்ணினேன். "இந்தாண்ட இல்லடா, அந்தாண்ட கால வெச்சுப் பாரு" என்று காலையில் முகம் கொடுக்காதவர்கள் ஒருவருக்கொருவர் கத்தினார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது, சேற்றிலிருந்து சாவியை நாலைந்து கைகள் சேர்ந்தே இழுத்தன. சொட்டச் சொட்ட அப்படியே மதகுக்கு ஓடித் திருகினார்கள். யார் பேரைச் சொல்லி என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது.

சாயங்காலம் தெருவில் தண்டோரா வந்தது. ஊர்ச் சாவியை ஏரியில் எறிந்த குற்றத்துக்காக, பழைய தலைவர் உத்தரவுப்படியும் புதிய தலைவர் உத்தரவுப்படியும், அப்பா நீர்க்கட்டி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். எங்கள் வாசலில் மட்டும் தண்டோராக்காரர் மெதுவாகத் தட்டினார். அம்மா அழுதாள்.

அப்பா வெளியே வந்தார். "ரெண்டு பேர் பேரயும் சொன்னியா?"

"சொன்னேண்ணா. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னுதான் சொல்லச் சொன்னாங்க."

"ஒண்ணா நின்னா?"

"ஆமாண்ணா."

"அப்ப அடுத்த தெருவுல நல்லா சத்தமாச் சொல்லு."

வேலை போன மனிதர் அதை ஊர் முழுக்கச் சத்தமாகச் சொல்லச் சொன்னது எனக்கு விளங்கவில்லை. கரையில் அம்மா சொன்னது சரிதான் என்று முடிவுசெய்து, அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.