பாலிஷுக்குக் காத்திராத பல்

ஏற்காடு மலையில் கரடியூரில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் சேலத்தில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் உறை போட்டுக்கொண்டேன். கடித்தால் சற்று உயரமாக இடித்தது. டாக்டரம்மா மேற்புறத்தைக் கொஞ்சம் ராவிவிட்டு, "கால் மணி நேரம் உக்காருங்க. ராவின எடம் சொரசொரன்னு இருக்கு, பாலிஷ் பண்ணோணும்" என்றார்.

"மென்னு மென்னு தானா மழுங்கிருமுங்க. இந்த ஏற்காடு பஸ்ஸை உட்டா, மேல ஜீப் கெடைக்காதுங்க" என்று எழுந்துவிட்டேன்.

"அடுத்த வாரமாச்சும் வந்துருங்க" என்றார். காப்பிப் பழம் பறிக்கிற சமயம். நான் போகவில்லை. பூனை நாக்கு போலிருந்த அந்தச் சொரசொரப்பு எனக்குப் பழகிவிட்டது.

போன மழைக்காலத்தில் சூடாகக் காப்பி குடித்தபோது மேல் பல்லில் சுரீரென்றது. மறுபடி சேலம் போனேன். டாக்டரம்மா கண்ணாடியில் காட்டினார். மழுங்கியிருந்தது உறை அல்ல, அதற்கு நேர் மேலே இருந்த என் சொந்தப் பல். குழிந்து தேய்ந்து விரிசல் விட்டிருந்தது.

"ஜிர்கோனியா வழவழன்னு இருந்தா எதிர்ப் பல்லை ஒண்ணும் பண்ணாதுங்க. சொரசொரன்னு உட்டா அரம்தான்."

"காப்பாத்த முடியாதுங்களா?"

"வேர் வரைக்கும் விரிசல் போயிருச்சுங்க."

பிடுங்கிவிட்டார். மேலே பக்கத்துப் பல்லாவது தப்பட்டும் என்று அன்றே உறையையும் பாலிஷ் செய்தார்.

இப்போதெல்லாம் நாக்கால் தடவிப் பார்த்து, வழவழவென்று இருந்தால்தான் பல் டாக்டரின் நாற்காலியை விட்டு இறங்குகிறேன். பஸ் போனால் போகட்டும். அந்த உறை இப்போது கண்ணாடி போல இருக்கிறது. அதோடு சேர்ந்து கடிக்க மேலே பல்தான் இல்லை.