எதிர்க்கடைப் பொட்டாஷ்

தெருவுக்கு இந்தப் பக்கம் உரக்கடைக்காரரின் கடை. எதிர்ப்பக்கம் அவர் சகலையின் உரக்கடை. மனைவியின் தங்கை புருஷன் அங்கே கடை போட்ட நாளிலிருந்தே அவருக்கு வயிற்றெரிச்சல்தான். எதிரே ஒரு வண்டி நின்றால் போதும், கல்லாவில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்ப்பார்.

அந்த வருடம் வெளிநாட்டுப் பொட்டாஷ் உரத்துக்கு அரசாங்கம் இறக்குமதி வரியை ஏற்றியது. மூட்டை விலை எகிறியது. உரக்கடைக்காரரிடம் சரக்கு தீர்ந்திருந்தது. சகலையின் கிடங்கிலோ கூரையைத் தொடும்வரை பழைய விலைச் சரக்கு. மொத்த வியாபாரி தவறுதலாகக் கூடுதலாக ஒரு லாரி அனுப்பிவிட, திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு அவன் இறக்கி வைத்தது அது. விவசாயிகள் அவன் வாசலில் மொய்த்தார்கள்.

"வரி வரும்னு முன்னாடியே மோப்பம் பிடிச்சிட்டாருப்பா" என்று ஊரே பேசியது.

சாப்பாடு போடும்போது மனைவியும் அதையே சொன்னாள். "என் தங்கச்சி வீட்டுக்காரர் விவரமானவர்தாங்க."

"விவரமா? சோம்பேறித்தனத்துல அடிச்ச யோகம்டி அது."

பாதிச் சோற்றிலேயே எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

அடுத்து யூரியாவுக்கும் வரி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. இந்த முறை விடக்கூடாது என்று கிடங்கு கொள்ளாமல் வாங்கி அடைத்தார். எதிர்க்கடைக் கூட்டம் தன் வாசலுக்கு வருவதை நினைத்து நினைத்துப் பூரித்தார்.

வரி வந்தது, ஆனால் இங்கே இல்லை. கடல் தாண்டி, நிறைய உரம் வாங்கும் ஒரு பெரிய நாடு யூரியாவுக்கு வரி போட்டது. அங்கே சரக்கு விலைபோகாத கப்பல்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட இந்தத் துறைமுகத்துப் பக்கம் திரும்பின. யூரியா விலை சரிந்தது. மழையும் சேர்ந்துகொள்ள, அவர் கிடங்கிலிருந்த சரக்கு ஈரம் இழுத்துக் கல்லாக இறுகியது.

மூட்டைகளைப் பிரித்து மரச்சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தபோது சகலை வந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"கொஞ்சம் நகருங்கண்ணே, நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

"உன் கடையை யாரு பாக்கிறது?"

"உங்க கொழுந்தியா இருக்கா. உடைச்சதுல பாதியை எனக்குக் குடுங்க. ரெண்டு கடையிலயும் வச்சு வித்துத் தள்ளிடலாம்."

அப்படித்தான் சரக்கு தீர்ந்தது. நஷ்டம்தான், ஆனாலும் கடை தப்பியது. "சகலைன்னா இப்படி இருக்கணும்" என்று வாங்க வந்தவர்கள் மெச்சினார்கள், அவனைத்தான். உரக்கடைக்காரர் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னார், மனதாரத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம், நல்லவன் என்ற பெயரையும் அவனே தட்டிக்கொண்டு போய்விட்டானே என்று உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.